சுவிச்சில கட்டின சேட்டு

கேக்குதா றாத்தா? அந்தா, மறுகாவும். டொக் எண்டு.

நாய் வாளியத் தட்டினதில்ல. குரும்பட்டி விழுறதும் இல்ல. நானும் நேத்து முதல்ல அப்பிடித்தான் நினைச்சன், எழும்பி விளக்கப் போட்டும் பாத்தன். இருட்டினாத்தான் இவ்வளவு துலக்கமாக் கேக்கும். மதிலுக்கு அங்கால எங்கட மூணாம் டாங்கிதான். பேயும் இல்ல ஒண்டும் இல்ல, பயப்பிடாதீங்க. பொலிசு டாங்கியில ஒட்டின சீல் கடதாசிய நேத்துக் காலையில கழட்டிட்டாங்க, பின்னேரமே மோட்டரப் போட்டுட்டாங்க. உள்ளுக்கு நிக்கிற கலக்கித் தண்டு வளைஞ்சி போச்சாம். லேத்துக்குக் கொண்டு போய் நிமித்திப் பாத்தாங்க, முழுக்க நிமிரல்ல. சுத்தக்குள்ள ஒருக்கா டாங்கிச் சுவரில முட்டுது. ஒரு சுத்துக்கு ஒரு தட்டு. அவ்வளவுதான். வேற ஒண்டும் இல்ல.

என்னத்தால வளைஞ்சது எண்டு நான் சொல்லத் தேவையில்லதானே.

கதவ முழுக்கத் துறக்க வேணாம். நீங்க புருசன் போய் இத்தாவில இருக்கிற ஆள், வெளி ஆம்பிளை கண்ணில படக்கூடா, ஒழுங்கையால ஆக்கள் போறாங்க. இவ்வளவு நீக்கல் காணும். முகம் தெரியாட்டியும் நீங்க அங்கால நிக்கிறது தெரியுது. நான் இந்தக் குசினிப் படியில இருக்கிறன். உள்ளுக்கு வரல்ல, காலெல்லாம் மண். ஆரெண்டு நீங்க கேக்கக்குள்ள யோசிச்சன். மேர்சியா எண்டு சொன்னா விளங்குமோ, ஜெனுஷன்ட மனிசி எண்டு சொல்லணுமோ, இல்லாட்டி ஊரில சொல்ற மாதிரி அந்தச் சுவிச்சப் போட்டவன்ட பெண்சாதி எண்டே சொல்லட்டோ எண்டு.

மாமி தொழுறாவா? ஓ, சாச்சி வீட்டுக்கா. மகள் சிபானா? ஓதப் போயிட்டாவா. நல்லம். பிள்ளை இல்லாததும் நல்லம்தான்.

இவனா? இவன் நித்திரை. எட்டு மாசம். தோளில கிடந்தாத்தான் கண் மூடுறான், பாயில போட்டா அந்தத் தட்டுச் சத்தத்துக்கு ஒவ்வொருக்காவும் துடிச்சி எழும்புறான். எங்களுக்குக் கொம்பனி தந்த குவாட்டசு வீட்டுக்கும் டாங்கிக்கும் இடையில பதினைஞ்சு அடிதானே. மேசையில தண்ணி வெச்சா கிளாசுக்குள்ள நடுங்குது. ஒரு மணித்தியாலத்துக்குப் பத்து நிமிசம் தானா ஓடும், தானா நிக்கும். பெட்டிக்குள்ள ஒரு மணிக்கூடு வெச்சிருக்காங்க, அதுதான் போடுது, அதுதான் நிப்பாட்டுது. நிக்கட்டும். நிண்ட பிறகு சொல்றன். இந்தச் சத்தத்தோட என்னால கதைக்க ஏலாது.

என்ன சொல்ல வந்தனா? சொல்றன் றாத்தா. ராத்திரி இஷா பாங்குக்கு முதல் சொல்லிட்டுப் போயிருவன்.

முந்தாநாள் அவரிட நாப்பதாம் நாள் கத்தத்துக்கு நீங்க எங்களுக்கும் சோறு அனுப்பியிருந்தீங்க. சத்தியமா நான் எதிர்பாக்கல்ல. ஒழுங்கை முழுக்கப் பார்சல் போகுது, நான் யன்னல் சீலைக்குப் பின்னால நிண்டு பாத்துக்கொண்டு நிக்கிறன், எங்கட படலையத் தாண்டிப் போகும் எண்டுதான் நினைச்சன். பாத்தா, சிபானா ரெண்டு கையாலயும் ஏந்திக்கொண்டு வந்து படலையக் காலால தட்டுறா. ஆன்டி, உம்மா தரச் சொன்னா எண்டு.

என்ன நினைச்சி அனுப்பினீங்க? எங்கள மன்னிச்சீங்களா? இல்ல, ஒரு வீட்டையும் விடக்கூடா எண்டா? சரி சரி, அத விடுங்க. கேக்கக்கூடாதத எல்லாம் கேக்கிறன்.

பிள்ளை நிண்டு என்ர மகன்ட காலப் பிடிச்சி விளையாடினா. மறுகா சும்மா இருந்தவ, தானாச் சொல்றா, எங்கட வாப்பா சேட்டக் கழட்டிக் கட்ட மறந்திட்டாராம் ஆன்டி, வீட்டிலயும் அவர் எல்லாத்தையும் மறக்கிறவர்தான், என்ர கொப்பிக்கு உறை வாங்க மறந்தவர், சைக்கிளுக்குக் காத்தடிக்க மறந்தவர், இதையும் மறந்திட்டார் எண்டு. அழல்ல. கோவம். வாப்பாவில கோவம் அந்தப் பிள்ளைக்கு. ஏழு வயசுப் பிள்ளை, மௌத்தாப் போன தகப்பனோட கோவிச்சிக்கொண்டு நிக்கிறா.

அந்தச் சோறு இறங்கல்ல றாத்தா. இவர் சாப்பிட்டார். நான் கோழிக்குத் தின்னக் குடுத்திட்டு, எச்சில் கையோட ராத்திரி முழுக்க இருந்தன்.

கோழிக்கு இல்ல. பூனைக்கு. என்னென்னமோ வாய்க்கு வருது.

பொறுங்க, ஆரோ டோர்ச் அடிச்சிக்கொண்டு வாறாங்க. ஜெஸீம் நானாவா? அவர் உங்கட கூடப்பிறந்தவர், நான் குறை சொல்லல்ல. அண்டைக்கு கேற்றடியில வந்து நிண்டு கத்தினார், டேய் ஜெனுஷன் வெளிய வாடா, ஆள் உள்ளுக்கு இருக்கிறது தெரிஞ்சிதான்டா போட்டனீ எண்டு. பிள்ளையத் தூக்கிக்கொண்டு நான் கட்டிலுக்கு அடியில. கொன்வென்ட்ல நெற்போல் டீம் கெப்டன் நான், தெரியுமா, கட்டிலுக்கு அடியில கிடந்தன். மறுகா அது எங்கட ஆக்கள் உங்கட ஆக்கள் எண்டு பெருகி, கடைத்தெருவில ஒரு கதை, சந்தையில ஒரு கதை. போயிட்டாங்க. நேரா கடற்கரைக்குப் போறாங்க போல.

நீங்க கதவடியில அப்பிடியே இருங்க. கேட்டாக் காணும்.

அந்த மூணு டாங்கியையும் நான் கலியாணம் முடிச்சி வந்த நாளில இருந்து வெறுத்தனான். மீன் பசளை எண்டு பேர். கடற்கரையில மிச்சம் விழுற தலை, குடல், செதிள் எல்லாத்தையும் லொறியில அள்ளி வந்து கொட்டி, சீனிப்பாணி ஊத்தி, மாசக்கணக்கா ஊறவிட்டு, வயலுக்கு அடிக்கிற தண்ணி எடுக்கிறாங்க. நெல்லுக்கு நல்லமாம். எனக்கு ஓங்காளம். மூக்கப் பொத்திக்கொண்டுதான் அந்த வளவக் கடப்பன். உங்கட மனிசன் றாஸிக் நானா கண்டாச் சிரிப்பார். கொன்வென்ட் பிள்ளை மூக்கையும் பொத்தி வாயையும் பொத்தினா மூச்ச எங்கால புள்ளை எடுக்கிறது எண்டு கேப்பார். இவனக் கண்டா, எங்கட முதலாளி வந்திட்டார், எல்லாரும் எழும்பி நில்லுங்கடா எண்டு சத்தம் போடுவார். இவனும் அவரக் கண்டாத்தான் வாய் விட்டுச் சிரிப்பான். இப்ப நாப்பத்திரெண்டு நாளாச்சி, இவன அப்பிடிச் சிரிக்க வைக்க ஒருத்தரும் இல்ல.

இந்த நாப்பத்திரெண்டு நாளில நான் படிச்ச படிப்பு கொன்வென்ட்ல பதிமூணு வருசத்திலயும் படிக்கல்ல. கலக்காட்டி என்ன ஆகும் எண்டு இப்ப எனக்குத் தெரியும். எண்ணெய் மேல வரும், முள்ளும் சதையும் அடியில போய்ச் சீமெந்து மாதிரி இறுகும், நடுவில வெறும் புளிச்ச தண்ணி நிக்கும். அதுக்குத்தான் மேல மோட்டர், கீழ வரைக்கும் தண்டு, தண்டில மூணு பிளேட். மணிக்கூடு போட்டா எல்லாத்தையும் அடியில இருந்து கிளப்பி விடும். ஆனா மீனோட சேந்து வலைத் துண்டும் வரும். நைலோன் நூல். அது பிளேட்டில சுத்தி, சுத்தி, கடைசியில தண்டையே இறுக்கிப் பிடிச்சிரும். அப்ப மோட்டர்ச் சுவிச்ச நிப்பாட்டி, டாங்கிய வடிய விட்டு, ஒராள் ஏணி வெச்சி உள்ளுக்கு இறங்கி, கத்தியால வெட்டி எடுக்கணும்.

உங்களுக்குத் தெரியாததா. அவர் பின்னேரம் வந்து கை எல்லாம் வெட்டுக்காயத்தோட இருக்கக்குள்ள நீங்கதானே மஞ்சள் பூசியிருப்பீங்க.

இறங்கிற ஆள் சேட்டக் கழட்டிச் சுவிச்சுக் கைப்பிடியில கட்டிட்டு இறங்கணும். அதுதான் அங்கத்த சட்டம். சேட்டு இருந்தா உள்ளுக்கு ஆள், சேட்டு இல்லாட்டி ஆள் வெளிய. முதல்ல பூட்டு ஒண்டு இருந்ததாம், உள்ளுக்குப் போறவர் பூட்டிட்டுத் திறப்ப மடியில கட்டிக்கொண்டு இறங்கிறதாம். திறப்பு ரெண்டாம் டாங்கிக்குள்ள விழுந்து போச்சி. முதலாளி நாளைக்கு வாங்குவம், நாளைக்கு வாங்குவம் எண்டு மூணு வருசம். ஹஜ்ஜுக்கும் போய்ட்டு வந்திட்டார், பூட்டுத்தான் வரல்ல. சேட்டு எண்டா திறப்பு வேணாம், துலையவும் துலையாது எண்டு சிரிச்சிச் சிரிச்சிச் சொல்லுவாராம். இப்ப சிரிக்கிறார் இல்ல. இப்ப கடிதம் எழுதியிருக்கார். இறந்தவர் பாதுகாப்பு நடைமுறையப் பின்பற்றாமல் இறங்கினபடியால் எண்டு. நல்ல தமிழ். ஆரோ மாஸ்டரப் பிடிச்சி எழுதியிருக்கணும்.

அந்தக் கடிதத்த உங்களுக்கும் காட்டினாங்களா? வாசிச்சீங்களா? ம்.

அண்டைக்கு வெள்ளிக்கிழமை. நான் சொல்றத நீங்க நூறு பேரிட்டக் கேட்டிருப்பீங்க, எண்டாலும் கேளுங்க. பதினொரு மணிக்குக் கரண்ட் போச்சி. ஜெனரேட்டரப் போட்டாங்க, அது போடுற சத்தத்தில ஆள் பக்கத்தில நிண்டு கத்தினாலும் கேக்காது. றாஸிக் நானா இவரிட்டச் சொல்லியிருக்கார், தம்பி, ஜும்மாக்கு முதல் மூணாம் டாங்கி நூலை வெட்டிட்டு வாறன் எண்டு. அந்த நேரம் பாத்து லொறி வந்திட்டு. இவர் கேற்றடிக்குப் போய் லொறி பின்னுக்கு எடுத்து, ஊத்தி, கழுவி, திரும்பி வரக்குள்ள ஜும்மாக்குப் பாங்கு சொல்றாங்க. சுவிச்சப் பாக்கிறார். சேட்டு இல்ல. நானா முடிச்சிட்டார், குளிக்கப் போயிட்டார், பள்ளிக்குப் போயிருப்பார் எண்டு நினைச்சார். வெள்ளிக்கிழமை அவர் அப்பிடித்தானே. பாங்குச் சத்தம் கேட்டா டாங்கி என்ன, முதலாளி என்ன, விட்டுட்டுப் போற மனிசன். எண்டாலும் இவர் ரெண்டு தரம் கூப்பிட்டவர். நானா, நானா எண்டு. கீழ நிண்டு கூப்பிட்டா மேல மூடி திறந்து கிடக்கிறது தெரியாது.

மறுகா போட்டார்.

இவர் பொய் சொல்ற மனிசன் இல்ல றாத்தா. எனக்கு அவரக் கலியாணம் முடிச்சி ரெண்டு வருசம். பொய் சொன்னா காது சிவக்கும் அவருக்கு, சீட்டு விளையாட்டில கூட ஏமாத்தத் தெரியாது. பொலிசில சொன்னார், சேட்டு இல்ல எண்டு. தொழில் திணைக்களத்து ஐயாவிட்டயும் அதையே சொன்னார். என்னட்டப் பாயில படுத்துக்கொண்டு சொன்னார், மேர்சி, இல்லடி, கண்ணால பாத்தன், வெறும் கைப்பிடிதான் கிடந்தது. ஒவ்வொரு நாளும் சொல்லிச் சொல்லி, இப்ப ஒரு கிழமையா மாத்திச் சொல்றார். நான் சரியாப் பாத்தனா மேர்சி? வெயில் கண்ணில அடிச்சிருக்குமோ? நீலப் பெட்டியில நீலச் சேட்டு, தெரியாமப் போயிருக்குமோ? எண்டு. நேத்து ராத்திரி அந்தச் சத்தம் துவங்கினதில இருந்து வேற ஒண்டும் சொல்றார் இல்ல. சேட்டு இருந்திருக்கும், நான்தான் பாக்கல்ல. அவ்வளவுதான். நாளைக்குக் கோட்டில வழக்கு. நாளைக்குப் போய் அப்பிடியே சொல்லப் போறாராம். றாஸிக் நானா மறக்கிற ஆள் இல்ல, அப்ப நான்தான் குருடன், என்ன ஜெயிலில போடட்டும் எண்டு.

அந்தப் பக்கம் நீங்க. நீங்களும் பொய் சொல்றதில்ல. நீங்க என்ன சொன்னீங்க எண்டு எனக்குத் தெரியும். திணைக்களத்து ஐயா உங்கட வீட்டுக்கு வந்து, சீலைக்கு அங்கால நிண்டு கேட்டார்தானே. நீங்க ரெண்டு விசயம் சொன்னீங்களாம். ஒண்டு, என்ர மனிசன் சேட்டச் சும்மா கொழுவ மாட்டார், ரெண்டு கையையும் சேத்து ரெட்டை முடிச்சுப் போடுவார், மாட்டக் கட்டுற முடிச்சு, காத்துக்கு அவிழாது எண்டு. மற்றது, கிணத்தடியில கிடந்தது எண்டு அவங்க கொண்டந்து காட்டின நீலச் சேட்டு அவரிட இல்ல எண்டு. எல்லாருக்கும் கொம்பனி குடுத்த ஒரே நீலம்தான், எண்டாலும் நான் தறியடிக்கிற வீட்டுப் பிள்ளை, கொலருக்குள்ள பச்சை நூலில மூணு தையல் போட்டிருக்கன், அது இதில இல்ல எண்டு.

ஐயா எழுதினாராம். எழுதிட்டு, கவலையில இருக்கிற பொம்பிளை, ஞாபகம் பிசகும் எண்டு முதலாளியிட்டச் சொன்னாராம்.

ஞாபகம் பிசகுமாம்!

நிண்டிட்டு. பாத்தீங்களா? சத்தம் நிண்டிட்டு.

இப்ப எல்லாம் கேக்குது, என்ன. கடலும் கேக்குது. உங்கட மூச்சும் கேக்குது.

என்னட்ட ஒருத்தரும் ஒண்டும் கேக்கல்ல. அதுதான் எனக்கு இன்னும் ஏலாமக் கிடக்கு. அந்த ஐயா எங்கட வீட்டு வாசலில கதிரை போட்டிருந்து மூணு மணித்தியாலம் எழுதினவர். நான் தேத்தண்ணி குடுத்தன், பிஸ்கட் குடுத்தன், பேனை எழுதல்ல எண்டு சொல்ல என்ர பேனையக் குடுத்தன். லொறி ட்ரைவரிட்டக் கேட்டார், வாச்சரிட்டக் கேட்டார், டீ கொண்டு வாற கிழவனிட்டயும் கேட்டார். என்னப் பாத்து, தங்கச்சி வீட்டோட இருக்கிற ஆள்தானே எண்டு சொல்லி பைலை மூடிட்டார். ஓம் எண்டு சொன்னன். வீட்டோட இருக்கிற ஆள்தான் எண்டு சொன்னன்.

கோயிலுக்குப் போனன் றாத்தா. சாமியாரிட்டப் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில நிண்டன். எனக்கு முன்னால நாலு பேர், மூணு பேர், ஒராள். என்ர முறை வரக்குள்ள இவன் அழுதான். நல்ல காலம் எண்டு தூக்கிக்கொண்டு வெளிய வந்திட்டன். மூணு ஞாயிறு அப்பிடித்தான். மூணாவது ஞாயிறு இவன் அழல்ல. நான்தான் கிள்ளினன்.

ஓம், பெத்த பிள்ளையக் கிள்ளினன்.

சிஸ்டர் ஒராள் இருந்தா எங்களுக்கு, திங்கக்கிழமை காலையில வரிசையா நிப்பாட்டி ஒவ்வொருத்திட கொலரையும் வெளிய திருப்பிப் பாப்பா. நகம் பாக்க மாட்டா, சப்பாத்துப் பாக்க மாட்டா. கொலர்தான். உள்பக்கம் அழுக்கு இருந்தா மார்க்ஸ் வெட்டு. வெளிய வெள்ளை, உள்ளுக்கு ஊத்தை எண்டா அதுக்குப் பேர் என்ன பிள்ளைகளே எண்டு கேப்பா. எனக்கு ஒருநாளும் மார்க்ஸ் வெட்டினதில்ல. அந்தப் பழக்கம் இன்னும் போகல்ல, உடுப்புக் கண்டா கழுவணும், கழுவினா கொலரத் திருப்பணும். இவர் சிரிப்பார். டாங்கியில வேலை செய்ற மனிசனுக்கு வெள்ளைக்காரன்ட கொலர் எதுக்குடி எண்டு.

அந்த வெள்ளிக்கிழமை விடியக்குள்ளயே எங்களுக்குள்ள சண்டை. முதல் நாள் இவர் வேலைச் சேட்டோடயே பிள்ளையத் தூக்கிட்டார், நாத்தத்துக்குப் பிள்ளை குடிச்ச பால முழுக்கச் சத்தியெடுத்திட்டான். நான் சொன்னன், அந்தச் சேட்டு இந்த வீட்டு வாசலத் தாண்டக்கூடா, கண்ட இடத்தில கொழுவவும் கூடா, கழட்டினா நேரா வாளிக்குள்ள எண்டு. அவர் ஒண்டும் சொல்லாமப் போனார். பைப்பில தண்ணி வாறது பன்னிரெண்டு வரைக்கும்தான். அவசர அவசரமாக் கழுவுறன், பாத்தா ஒரு சேட்டுத்தான் இருக்கு. ரெண்டுதானே குடுத்தது, மற்றது எங்க? சரி, தேத்தண்ணியும் குடுத்த மாதிரி, அதையும் வாங்கின மாதிரி எண்டு கோப்பையத் தூக்கிக்கொண்டு போனன். ஆள் இல்ல. லொறிச் சத்தம் கேற்றில. ஜெனரேட்டர் காதைப் பொத்துது. நாத்தம் வேற, ஒரு கையால மூக்கு, ஒரு கையால கோப்பை.

காத்துக்கு அவிழாது எண்டு நீங்க சொன்னது சரிதான் றாத்தா. என்ர நகம் ரெண்டு உடைஞ்சது, எண்டாலும் அவிழல்ல. கடைசியில பல்லால கடிச்சித்தான் அவுத்தன்.

றாஸிக் நானா கட்டியிருந்தார். ரெட்டை முடிச்சு. நீங்க சொன்ன மாதிரியே.

இல்ல, கேளுங்க. கதவச் சாத்தாதீங்க, கொஞ்சம். ஜெனுஷன்ட எண்டுதான் நினைச்சன். பாருங்களேன், சொல்லச் சொல்லச் சுவிச்சில கொண்டு கட்டி வெச்சிருக்கிற வம்ப எண்டு ஏசிக்கொண்டுதான் அவுத்தன். இவரிட சேட்டுத்தான் கிணத்தடியில கிடந்தது, லொறிக்குப் போகக்குள்ள கழட்டி எறிஞ்சிட்டுப் போயிருக்கார். எனக்குச் சேட்டுக் கதை ஒண்டும் தெரியாது. ஒருநாள் சாப்பிடக்குள்ள இவர் சொல்ல வெளிக்கிட்டவர், மேர்சி, நாங்க டாங்கிக்குள்ள இறங்கக்குள்ள என்ன செய்றனாங்க தெரியுமா எண்டு. சோத்துக்கு முன்னால டாங்கிக் கதை வேணாம் எண்டன். நிப்பாட்டிட்டார். நிப்பாட்டச் சொன்னா நிப்பாட்டுற மனிசன்.

கொண்டு போய் ஊறப் போட்டன். சவர்க்காரம் போட்டு, கைய விட்டு அமத்திக்கொண்டு இருக்கக்குள்ளதான் சத்தம் கேட்டது. ஆக்கள் ஓடுற சத்தம். நானும் ஓடினன், சவர்க்காரக் கையோட. பின்னேரம், உங்கட வீட்டுக்கு றாஸிக் நானாட ஜனாஸாவக் கொண்டு போன பிறகு, முதலாளி முத்தத்தில நிண்டு சொல்றார், சேட்டுக் கட்டல்லையே, சேட்டுக் கட்டல்லையே எண்டு. எந்தச் சேட்டு எண்டு நான் வாச்சரிட்டக் கேட்டன். அந்த மனிசன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து வாளிக்குள்ள கைய விட்டு, கொலரத் திருப்பினன்.

பச்சை நூல். மூணு தையல்.

இவருக்கு இன்னும் தெரியாது. கொடியில ரெண்டு நீலச் சேட்டு காயுது, இவருக்கு ரெண்டு சேட்டு, என்னத்தச் சந்தேகப்படுறது. பக்கத்தில படுத்துக்கொண்டு, நான் குருடனா மேர்சி எண்டு கேக்கிற மனிசனுக்கு, நித்திரை கொள்ளுங்க எண்டு சொல்லிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தன். நாப்பத்திரெண்டு ராத்திரி. என்ன உள்ள போட்டா இவனுக்கு ஆர் பால் குடுக்கிறது எண்டுதான் யோசிச்சன். ஜெஸீம் நானா என்ன செய்வார் எண்டு யோசிச்சன். இவர் என்னப் பாக்கிற பார்வை எப்பிடி மாறும் எண்டு யோசிச்சன். எல்லாம் யோசிச்சன். முந்தாநாள் சிபானா வந்து, வாப்பா மறந்திட்டார் எண்டு சொல்ற வரைக்கும்.

நாளைக்கு ஒம்பது மணிக்குக் கோட்டில நான் சொல்லப் போறன். இண்டைக்கு ராத்திரி இவருக்குச் சொல்லுவன். முதல்ல நீங்க கேக்கணும் எண்டுதான் வந்தன். கோட்டில சொன்ன பிறகு இதையும் எடுத்துக்கொண்டு போயிருவாங்க, திரும்பித் தருவாங்களோ தெரியாது. இண்டைக்கு ஒரு ராத்திரி உங்களிட்ட இருக்கட்டும். விடியக் காலையில வந்து வாங்கிறன்.

இந்தாங்க. நீக்கலால நீட்டுறன், பிடியுங்க. பைதான். கழுவி, காய வெச்சி, மடிச்சித்தான் கொண்டந்திருக்கன். வாடை முழுக்கப் போகல்ல. கை ரெண்டிலயும் முடிச்சு இருந்த இடம் இன்னும் சுருங்கித்தான் கிடக்கு, நான் அதில மட்டும் அயன் பிடிக்கல்ல.

கொலரத் திருப்பிப் பாருங்க. வெளிச்சம் காணுமா? நான் டோர்ச் அடிக்கட்டா?

...

றாத்தா.

றாத்தா, உங்கட விரல் அந்தத் தையலிலயே நிக்குது. ஏசுங்க. ஜெஸீம் நானாவக் கூப்பிடுங்க, நான் இந்தப் படியிலயே இருக்கிறன்.

சிபானா ஓதிட்டு வந்தா சொல்லுங்க, வாப்பா மறக்கல்ல எண்டு. மற்றதெல்லாம் மறந்தவர்தான், இத மறக்கல்ல எண்டு. அத மட்டும் இண்டைக்கே சொல்லிருங்க.

இஷாக்குப் பாங்கு சொல்றாங்க. இவன் முழிக்கிறான். ஓம்டா, ஓம், போவம்.

சாத்துறீங்களா? சாத்துங்க றாத்தா. என்ர விரல் இருக்கு, பொறுங்க, எடுத்திட்டன். சாத்துங்க.

ஓம். கேட்டது. கீழ்க் கொண்டி விழுந்தது.

மேல் கொண்டியும்.